சிவகாசியின் உயரம் பத்து மீட்டரா, நூறு மீட்டரா?

நாரணாபுரத்தில் பயராபீஸ் வேனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், செல்போனில் உயரம் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து பாருங்கள். சில போன்கள் 100 மீட்டர் என்கிற அளவில் ஒரு எண்ணைக் காட்டும். பக்கத்தில் நிற்பவரின் போனோ 8 என்றோ 10 என்றோ சொல்லும். நிற்பது ஒரே இடம். வித்தியாசம் மட்டும் 90 மீட்டர், அதாவது முப்பது மாடிக் கட்டிடத்தின் உயரம்.

பத்து மீட்டர் காட்டும் அதே போனைக் கன்னியாகுமரிக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் இன்னும் வேடிக்கை. மைனஸ் 90-க்கும் கீழே காட்டும். சென்னை மெரினாவில் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர், போன் கணக்குப்படி கடலுக்கு அடியில் எண்பது மீட்டருக்கும் கீழே இருப்பார்!

இரண்டு போனிலும் ரிப்பேர் எதுவும் இல்லை. இரண்டும் அதனதன் கணக்கில் சரியாகவே சொல்கின்றன. எங்கிருந்து அளப்பது என்பதில்தான் தகராறு.

செல்போனோடு போனால் இது சிரித்துவிட்டு மறக்கிற விஷயம். ஆனால் இன்று கண்மாய் தூர் வாருவது, மழைநீர் வடிகால் போடுவது, வெள்ள அபாயப் பகுதி குறிப்பது, புது ரோடு போடுவது எல்லாமே கம்ப்யூட்டர் வரைபடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. ஜி.ஐ.எஸ். என்று அதற்குப் பெயர். புவியியல் தகவல் அமைப்பு. ஊர், தெரு, ஓடை, பட்டா நிலம் எல்லாவற்றையும் கண்ணாடித் தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் முறை. அந்த அடுக்குகளில் ஒன்று நிலத்தின் உயரம். துறைக்காரர்கள் அதை ‘டெம்’ என்பார்கள். டிஜிட்டல் உயர மாதிரி. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவது இந்த ஒரு அடுக்கை வைத்துத்தான். அது தப்பாக இருந்தால், மேலே எத்தனை அழகாகக் கலர் அடித்தாலும் தண்ணீர் தப்பான பக்கம்தான் ஓடும், கம்ப்யூட்டரில் மட்டும்.

ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘சராசரி கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். சிவகாசி ஊரின் உயரம் சுமார் 100 மீட்டர். சரி, எந்தக் கடல்? கடல் காலையில் ஏறுகிறது, மாலையில் இறங்குகிறது. அமாவாசைக்கு ஒரு மட்டம், அஷ்டமிக்கு ஒரு மட்டம். அதனால் பல வருஷம் துறைமுகத்தில் அலைமட்டத்தைக் குறித்துவைத்து, அதன் சராசரியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வார்கள்.

இந்தியாவுக்கான அந்தப் பூஜ்யம் ஒன்பது துறைமுகங்களில் எடுக்கப்பட்டது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசா கரையில் ஃபால்ஸ் பாயின்ட். 1858-ல் தொடங்கிய மட்ட அளவைகளை எல்லாம் ஒன்றாகக் கோத்து 1909-ல் கணக்கை முடித்தார்கள். கராச்சி பிற்பாடு வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்பது தனிக் கதை.

கடற்கரையில் கிடைத்த பூஜ்யத்தைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? வீடு கட்டும்போது கொத்தனார் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தூணில் பென்சில் கோடு போட்டு, தண்ணீர் நிரப்பிய டியூபை அடுத்த தூணுக்கு நீட்டி, அங்கே தண்ணீர் நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு போடுவார். சர்வேக்காரர்கள் செய்ததும் இதேதான். டியூபுக்குப் பதிலாக லெவல் கருவி, பென்சில் கோட்டுக்குப் பதிலாக அளவுகோல் கட்டை. கடற்கரையிலிருந்து சின்னச் சின்னத் தூரமாக நாடு முழுக்க நடந்தே கொண்டுபோனார்கள். போகிற வழியில் பாலச் சுவர், கோயில் படி, பாறை என்று அசையாத இடங்களில் ‘இந்த இடத்தின் உயரம் இவ்வளவு’ என்று குறித்து வைத்தார்கள். அதுதான் பெஞ்ச் மார்க்.

இதில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. போனவர்கள் அதே வழியில் அளந்துகொண்டே திரும்பி வருவார்கள். கிளம்பிய இடத்துக்கு வந்ததும், கிளம்பும்போது இருந்த எண்ணே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எங்கோ தப்பு. தப்பு அனுமதித்த அளவை மீறினால் மறுபடி நடக்க வேண்டும். தரவைச் சரிபார்ப்பது கம்ப்யூட்டர் காலத்துப் புதுச் சடங்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு இந்தப் பூஜ்யம் எதுவும் தெரியாது. அது பூமியை லேசாக அமுக்கிய, வழுவழுப்பான ஒரு கணித உருண்டையாக நினைத்துக்கொள்கிறது. அந்தக் கற்பனை உருண்டையின் மேற்பரப்பிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே என்பதுதான் அதன் கணக்கு. நிஜக் கடலோ அந்த உருண்டையோடு ஒட்டி நிற்பதில்லை. பூமிக்குள் பாறையும் குழம்பும் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லை. கனம் கூடிய இடத்தில் ஈர்ப்பு அதிகம், தண்ணீர் அங்கே கொஞ்சம் குவிந்து நிற்கும். கனம் குறைந்த இடத்தில் தாழ்ந்து நிற்கும்.

உலகத்திலேயே கடல் மிக அதிகமாகத் தாழ்ந்திருக்கும் இடம் எது தெரியுமா? இலங்கைக்குத் தெற்கே, நம் வீட்டுக் கொல்லைப்புறம் போல இருக்கும் இந்துமாக்கடல். அங்கே கடல் மட்டம் அந்தக் கற்பனை உருண்டையைவிட 106 மீட்டர் கீழே இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான, கனம் குறைந்த குழம்புதான் இதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-ல் விளக்கம் கொடுத்தார்கள். கப்பலில் போகிறவருக்கு இந்தப் பள்ளம் தெரியாது. தண்ணீர் அதைப் பள்ளமாக நினைத்து ஓடி நிரப்புவதும் இல்லை. தண்ணீருக்கு அதுதான் சமமட்டம்.

அந்தப் பெரும் பள்ளத்தின் ஓரச் சரிவில்தான் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. சிவகாசிப் பக்கம் இந்த இறக்கம் 90 மீட்டருக்கும் சற்று மேல். நூறிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான், அந்த இரண்டாவது போன் காட்டிய பத்துக்குள்ளான எண். நல்ல ஆப்கள் இந்த வித்தியாசத்தைச் சேர்த்துச் சரிசெய்துவிட்டுக் காட்டும். மற்றவை செயற்கைக்கோள் கொடுத்ததை அப்படியே கொடுத்துவிடும்.

இரண்டு பூஜ்யங்கள் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பாலம் சாட்சி. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதி மேல் லாஃபன்பர்க் என்ற ஊரில் பாலம் கட்டினார்கள். இரண்டு கரையிலிருந்தும் வேலை நடந்தது. ஜெர்மனியின் பூஜ்யம் ஆம்ஸ்டர்டாம் கடலில், சுவிட்சர்லாந்தின் பூஜ்யம் மத்தியத் தரைக்கடலில். இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். அது இன்ஜினீயர்களுக்கு நன்றாகவே தெரியும், கணக்கிலும் சேர்த்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003-ல் பார்த்தபோது பாலத்தின் இரண்டு பக்கமும் 54 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கமாக நின்றன. அப்புறம் ஜெர்மன் பக்கத்தை இறக்கி ஒட்டினார்கள்.

நம் ஊரில் 27 சென்டிமீட்டர் எல்லாம் இல்லை, 90 மீட்டர். இந்தியாவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005 மே மாதம் விண்ணுக்குப் போனது. முன்னும் பின்னுமாகச் சாய்ந்த இரண்டு கேமராக்களால் ஒரே நிலத்தை இரண்டு கோணத்தில் படமெடுத்து, நம் இரண்டு கண்கள் ஆழம் பார்ப்பது போல உயரம் கணக்கிட்டது. அந்த உயரத் தரவு இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் உயரம் அந்தக் கற்பனை உருண்டையிலிருந்து. அமெரிக்காவின் எஸ்.ஆர்.டி.எம். தரவும் இலவசம். அதன் உயரம் கடல் மட்டத்தை ஒட்டியது. இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் பிராஜெக்ட்டுக்காகப் பாதி மாவட்டத்துக்கு இதையும் மீதிக்கு அதையும் இறக்கி ஒட்டவைத்தால், விருதுநகர் மாவட்டத்தின் குறுக்கே 90 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று முளைத்துவிடும். அதுகூட நல்லதுதான், கண்ணில் பட்டுவிடும். கார்ட்டோசாட் தரவை மட்டும் வைத்துக்கொண்டு, சென்னை மைனஸில் இருக்கிறதே, கடல் உள்ளே வந்துவிடுமோ என்று பயப்படுவதுதான் கஷ்டம். தரவோடு வரும் குறிப்புக் கோப்பில் ‘டபிள்யூ.ஜி.எஸ். 84 எலிப்சாய்டு’ என்று இருந்தால் கற்பனை உருண்டை. ‘இ.ஜி.எம். 96’, ‘இ.ஜி.எம். 2008’ என்று இருந்தால் கடல் மட்டம். முதலில் படிக்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

பூஜ்யம் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அளந்தது எதை?

எஸ்.ஆர்.டி.எம். தரவு 2000-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 11 நாளில் எடுக்கப்பட்டது. எண்டெவர் விண்கலத்தில் ஒரு ரேடார் ஆன்டெனா, அதிலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி அதன் நுனியில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து உலகத்தின் 80 சதவீத நிலத்தை அளந்து முடித்தன. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. உலகம் முழுக்க இன்றும் அந்தத் தரவு பயன்படுகிறது. ஆனால் அது 2000-ம் வருஷத்துப் பூமி. அதற்குப் பிறகு மேடாக்கிய மனை, தோண்டிய குவாரி, உயர்த்திய நான்கு வழிச்சாலை எதுவும் அதில் கிடையாது.

இன்னொன்று, ரேடாருக்குத் தரை தெரிவதில்லை, மேலே இருப்பதுதான் தெரியும். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தால் அலை கிளைகளிலேயே சிதறித் திரும்பிவிடும். கண்மாயின் தரை இருக்கும் உயரத்தைவிட இரண்டு மூன்று மீட்டர் மேலே பதிவாகும். கண்மாயில் தண்ணீர் கிடந்திருந்தால் பதிவானது தண்ணீரின் மேல்மட்டம். அடியில் எவ்வளவு ஆழம், எவ்வளவு வண்டல் என்பது வானத்திலிருந்து தெரியவே தெரியாது. கண்மாயின் கொள்ளளவை இந்தத் தரவிலிருந்து கணக்குப் போட்டதாக யாராவது சொன்னால், அந்தப் பிப்ரவரியில் அதில் தண்ணீர் கிடந்ததா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கட்டத்தின் அளவு. இலவசத் தரவுகளில் பெரும்பாலானவை 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்கள். 900 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 22 சென்ட் நிலம். 22 சென்ட்டுக்கு ஒரே ஒரு எண்! அதற்குள் வீடு, வாய்க்கால், வேப்பமரம், கிணறு எல்லாம் இருந்தாலும் மொத்தத்துக்கும் ஒரே உயரம். கண்மாய்க் கரையை யோசித்துப் பாருங்கள். நிலத்தில் நின்று பார்த்தால் ஆள் உயரத்துக்கு மேலே கம்பீரமாக இருக்கும். ஆனால் அகலம் சில மீட்டர்தான். 30 மீட்டர் கட்டத்தில் அந்த மேடு இரண்டு பக்கப் பள்ளத்தோடு சேர்த்துச் சராசரியாகிவிடும். கரை கரைந்துபோகும். கம்ப்யூட்டரில் தண்ணீரை விட்டால் கரையே இல்லாதது போலக் கண்மாயைத் தாண்டி ஓடும்.

இதெல்லாம் இமயமலையில் பெரிய பிரச்சினை இல்லை. அங்கே ஒரு கிலோமீட்டரில் நிலம் நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறி இறங்கும். ஐந்து மீட்டர் தப்பு ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளும். கரிசல் பூமி அப்படியா? சிவகாசி நூறு மீட்டர் உயரம். வைப்பாறு கடலில் கலக்கும் இடம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர்கூட முழுசாக இறங்கவில்லை. இந்த நிலத்துக்கு நாலு மீட்டர் தப்புள்ள தரவை வைத்துக்கொண்டு வரத்துக் கால்வாய் எந்தப் பக்கம் வெட்டலாம் என்று முடிவெடுப்பது, அடி அளவு மட்டும் குறித்த டேப்பை வைத்துக்கொண்டு தங்கச் சங்கிலியை அளப்பது மாதிரி. இன்று இலவசமாகக் கிடைப்பதில் நல்ல பெயர் வாங்கிய ஐரோப்பாவின் கோபர்நிகஸ் தரவே, 90 சதவீத இடங்களில் 4 மீட்டருக்குள் தப்பு இருக்கும் என்றுதான் உத்தரவாதம் தருகிறது. எஸ்.ஆர்.டி.எம். திட்டத்தின் உத்தரவாதம் 16 மீட்டர். நடைமுறையில் அது அதைவிட நன்றாகவே வந்தது என்பது வேறு விஷயம்.

‘4 மீட்டர்’ என்பது உலகம் முழுவதற்குமான உத்தரவாதம். நாரணாபுரத்தில் எவ்வளவு என்று அது சொல்லாது. அதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. உயரம் நிச்சயமாகத் தெரிந்த சில இடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பெஞ்ச் மார்க் இருந்தால் அது. இல்லாவிட்டால் சென்டிமீட்டர் வரை பார்க்கும் சர்வே ஜி.பி.எஸ். கருவியால் அளந்த இடங்கள். செல்போன் இதற்கு ஆகாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. அதனால் அதற்குக் கிழக்கு மேற்கைவிட மேல் கீழ்தான் எப்போதும் தடுமாறும். இப்போது வானத்திலிருந்தே சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. 2018-ல் நாசா அனுப்பிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் நொடிக்கு 10,000 முறை பச்சை லேசரைத் தரைக்கு அனுப்பி உயரம் பார்க்கிறது. அதன் தடம் போகிற கோட்டில் மட்டும்தான் அளவு கிடைக்கும். ஆனால் அந்தக் கோட்டில் கிடைப்பது நல்ல அளவு.

ஒவ்வொரு இடத்திலும் வரைபடம் சொல்லும் உயரத்திலிருந்து நிஜ உயரத்தைக் கழித்தால் தப்பு கிடைக்கும். இங்கே ஒரு பழைய கதையை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ஆற்றின் சராசரி ஆழம் நாலடி, நம் குடும்பத்தின் சராசரி உயரம் ஐந்தடி என்று கணக்குப் பார்த்துவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு ஆற்றில் இறங்கினாரே ஒரு கணக்குப்பிள்ளை, அவர் கதை. ஒரு இடத்தில் 5 மீட்டர் கூட, இன்னொரு இடத்தில் 5 மீட்டர் குறைவு என்றால் சராசரித் தப்பு பூஜ்யம். தரவு அருமை என்று சொல்லிவிடலாமா? அதனால்தான் ஒவ்வொரு தப்பையும் அதனாலேயே பெருக்கி, சராசரி எடுத்து, பிறகு வர்க்கமூலம் காண்கிறார்கள். பெருக்கினால் கூடுதல் குறைவு என்ற அடையாளம் போய்விடும், ஒன்றை ஒன்று மறைக்க முடியாது. மேலே சொன்ன இரண்டு இடத்துக்கு அப்படிப் போட்டால் தப்பு 5 மீட்டர் என்று உண்மை வெளியே வந்துவிடும்.

ஆனால் சாதாரணச் சராசரியையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. டெய்லர் கடையில் டேப்பின் முதல் ஒரு இஞ்ச் கிழிந்து போயிருந்தால், எடுக்கிற எல்லா அளவும் ஒரே மாதிரி ஒரு இஞ்ச் தப்பாக இருக்கும். தெரிந்துகொண்டால் கழித்துக்கொள்ளலாம். அதே டேப் ரப்பர் மாதிரி இழுபட்டால், ஒவ்வொரு அளவிலும் ஒவ்வொரு தப்பு, திருத்த வழியே இல்லை. எல்லா இடத்திலும் தப்பு ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்தால் முதல் ரகம். பெரும்பாலும் பூஜ்யக் குழப்பமாக இருக்கும், சரிசெய்துவிடலாம். சிதறிக் கிடந்தால் இரண்டாவது ரகம். அந்தத் தரவை நுணுக்கமான வேலைக்கு எடுக்காமல் இருப்பதே மரியாதை.

எந்த இடங்களை எடுக்கிறோம் என்பதிலும் சூது உண்டு. சரிபார்க்கும் புள்ளிகளை எல்லாம் தார் ரோட்டு மேலேயே எடுத்துவிட்டு ‘தப்பு ஒரு மீட்டர்தான்’ என்று அறிக்கை கொடுப்பது வழக்கம். வண்டியை நிறுத்தி இறங்கி அளப்பது சுலபம், வெயிலில் முள்காட்டுக்குள் யார் போவது? ஆனால் ரோடு வெட்டவெளி, மேலே மரமில்லை. தப்பு அங்கே எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். கண்மாய்க்குள், கருவேலங்காட்டுக்குள், வீடுகள் நெருங்கிய தெருவுக்குள் எடுத்தால்தான் தரவின் சுயரூபம் தெரியும்.

எண்களை விட்டுவிட்டுக் கண்ணாலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து வெயில் அடிப்பது போல நிழல் போட்டுக் காட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் காட்டும். இயற்கையில் இல்லாத வரிவரியான கோடுகள், படிக்கட்டு மாதிரி மடிப்புகள், திடீர் ஊசிமுனைகள் எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். அப்படி வரி ஓடினால் அது நிலத்தின் குணமல்ல, கருவியின் குணம்.

இனி வருவதுதான் நம் பக்கத்துக்கு முக்கியமான விஷயம். ஜி.ஐ.எஸ். மென்பொருள்களில் ஒரு வசதி இருக்கிறது. தண்ணீர் வெளியேற வழியில்லாத பள்ளம் எங்கே இருந்தாலும் ‘இது தப்பு’ என்று எடுத்துக்கொண்டு நிரப்பிவிடும். தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிடுவதற்கு முன்னால் இந்தப் பட்டனை அமுக்கிவிட வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், எல்லோரும் அமுக்குவார்கள். ஆறு ஓடிக்கொண்டே இருக்கும் நாட்டுக்கு அது சரி. விருதுநகர் மாவட்டத்தில் தண்ணீர் வெளியேற வழியில்லாத பள்ளம் என்றால் என்ன அர்த்தம்? கண்மாய்! நம் முன்னோர்கள் வேலை மெனக்கெட்டு உண்டாக்கிய பள்ளத்தை ஒரு பட்டன் தூர்த்துவிடும். கல்குவாரியும் பெரிய கிணறும் அப்படித்தான் போகும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. ரயில் பாதைக்கும் ஹைவேக்கும் மண் கொட்டி மேடாக்கி, அடியில் ஓடைக்குச் சின்னப் பாலம் விட்டிருப்பார்கள். வானத்திலிருந்து மேடு தெரியும், அடியில் இருக்கும் பாலம் தெரியாது. அதனால் வரைபடத்தில் ரயில் பாதை ஒரு அணையாகிவிடும். தண்ணீர் ஒரு பக்கமாகத் தேங்கி, நிஜத்தில் நனையாத தெருவை வெள்ளத்தில் மூழ்கடித்துக் காட்டும். பாலம் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, அங்கே வரைபடத்தை வெட்டிவிட வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்ய முடியாத வேலை இது. நடந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

தெரிந்தவர் ஊரிலேயே இருப்பார். இந்தக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகும், கலுங்கு எந்தப் பக்கம், எந்த மடையில் கடைசிவரை தண்ணீர் வரும் என்பதெல்லாம் பழைய நீர்ப்பாய்ச்சிகளுக்கு மனப்பாடம். கம்ப்யூட்டர் போட்ட ஓடைக் கோடுகளை அவர்களிடம் காட்டி, “தாத்தா, தண்ணி இப்படியா போகும்?” என்று கேட்பதைவிடச் சிக்கனமான பரிசோதனை கிடையாது. “அது மேடுல்ல, அங்கிட்டு எப்படிப் போகும்?” என்று அவர் சிரித்தால், தப்பு எங்கே என்று தேட ஆரம்பிக்கலாம்.

உயரத் தரவு தப்பினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு, 2019-ல் வந்த ஒரு ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவின் கிளைமேட் சென்ட்ரல் அமைப்பைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், எஸ்.ஆர்.டி.எம். தரவு கடலோரங்களைச் சராசரியாக 2 மீட்டர் அளவுக்கு உயர்த்திக் காட்டுவதைக் கண்டுபிடித்தார்கள். காரணம் வீட்டுக் கூரையும் மர உச்சியும். அதைச் சரிசெய்துவிட்டுக் கணக்குப் போட்டபோது, கடல் உயர்வால் பாதிக்கப்படக்கூடியவர்களின் எண்ணிக்கை உலக அளவில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. கடல் அதே கடல்தான். மாறியது நிலத்தின் எண் மட்டும்.

நமக்குக் கடல் தூரம். ஆனால் மழை தூரமில்லை. 2023 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கண்மாய்கள் உடைந்து, தண்ணீர் தான் பழைய காலத்தில் ஓடிய பாதையைத் தேடிப் போனது. அந்தப் பாதை எது என்று முன்கூட்டியே சொல்லத்தான் இத்தனை பாடும். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் ஈரம்தான் முதல் எதிரி. எந்தக் குடோன் தாழ்வில் இருக்கிறது, எது மேட்டில் இருக்கிறது என்பது இங்கே வரைபட ஆர்வலர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை.

மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் புரோக்கரே போனைக் காட்டி ‘சார், நம்ம இடம் ரோட்டைவிட ரெண்டு மீட்டர் மேடு’ என்கிறார். போன் சொல்லும் இரண்டு மீட்டருக்கு மதிப்பில்லை. அதன் தடுமாற்றமே அதைவிட அதிகம். ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய் தண்ணீர் டியூபைப் பிடித்தால் அரைமணி நேரத்தில் விரற்கடை அளவுக்குத் தெரிந்துவிடும். கையோடு பக்கத்து டீக்கடையில் 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

நாளை நிலைமை மாறும். 2022 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் நாடு முழுவதற்கும் சமவெளியில் 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயர மாதிரி தயாராக வேண்டும் என்கிறது. ட்ரோன்களும் விமானத்திலிருந்து வீசும் லேசரும் வந்துவிட்டன. இலைகளின் இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் லேசருக்குச் சீமைக்கருவேலம்கூட அவ்வளவு தடையில்லை. 25 சென்டிமீட்டரில் கண்மாய்க் கரை கரையாகத் தெரியும், வாய்க்கால் வாய்க்காலாகத் தெரியும்.

ஆனால் அந்தத் துல்லியம் வந்ததும் கரிசல் மண் தன் வேலையைக் காட்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துச் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பி எழும். அதன்மேல் கட்டிய வீட்டுச் சுவரில் விரிசல் விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் நாம். சித்திரையில் அளந்த தரையும் கார்த்திகையில் அளந்த தரையும் இங்கே ஒரே உயரத்தில் இருக்காது. சரிபார்க்கும் புள்ளியை இந்த மண்ணில் ஒரு குச்சி நட்டு வைத்துக்கொள்ள முடியாது. பாறை வேண்டும், இல்லாவிட்டால் ஆழமாக அஸ்திவாரம் போட்ட பழைய கட்டடம் வேண்டும்.

அந்தக் காலத்து சர்வேக்காரர்கள் பாலத்துக் கருங்கல்லையும் கோயில் படியையும் தேடிப்போய்க் குறி வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் குறிகளில் பல, ரோடு அகலப்படுத்தும்போது பழைய பாலத்தோடு சேர்ந்து லாரி ஏறிப் போய்விட்டன. உங்கள் ஊர்ப் பக்கம் பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ, பொதுக் கட்டடத்தின் படியிலோ ‘ஜி.டி.எஸ். பி.எம்.’ என்று ஆங்கில எழுத்துகள் வெட்டிய கல் இருந்தால், அதன்மேல் சிமென்ட் பூசவோ சுண்ணாம்பு அடிக்கவோ விடாதீர்கள். ஒன்பது துறைமுகத்துக் கடல் மட்டம் நடந்தே வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது.